வானிலையைக் கணக்கிட்ட வரலாறு

நாளை மழை வருமா என்று அறிய விரும்பிய பண்டைக் காலத்து உழவன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். எறும்பு முட்டையைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறுகிறதா, தும்பி தாழப் பறக்கிறதா என்று கவனித்தான். பல தலைமுறைகளின் அனுபவம் தந்த அவ்வறிவை நாம் இகழ வேண்டியதில்லை. ஆயினும் இன்று அக்கேள்விக்கு வேறொரு வகையில் விடை காண்கிறோம். பூமியைச் சூழ்ந்த காற்று மண்டலத்திற்கு ஒப்பான ஒன்றைக் கணினி எண்களாலேயே தனக்குள் அமைத்துக்கொள்கிறது. அதனை மணிக்கு மணி ஓடவிட்டுப் பார்த்து, ஐந்து நாட்களுக்குப் பின் எங்கே மழை, எங்கே புயல் என்று சொல்லுகிறது. உண்மைப் பொருளுக்கு ஈடாக அதன் கணித மாதிரியை வைத்துக்கொண்டு, அம்மாதிரியை இயக்கிப் பார்க்கும் இம்முறையை 'மாதிரிக் கணிப்பு' என்று அழைப்போம். பாலம் கட்டுவோரும், விமானம் அமைப்போரும், தொற்றுநோயின் போக்கை ஆராய்வோரும் இன்று இம்முறையையே கைக்கொள்கின்றனர். அது வளர்ந்த வரலாற்றை வானிலை என்ற ஒரே துறையை உதாரணமாகக் கொண்டு சொல்ல விரும்புகிறேன். விந்தை யாதெனில், அவ்வரலாறு ஒரு தவறான விடையிலிருந்து தொடங்குகிறது.

முதலில் முறையைப் புரிந்துகொள்வோம். உங்கள் ஊர் ஏரியை எண்ணிப் பாருங்கள். இப்பொழுது ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் வாய்க்கால் வழியாக எவ்வளவு வருகிறது, மதகு வழியாக எவ்வளவு வெளியேறுகிறது என்பவை தெரிந்தால், ஒரு மணி நேரத்திற்குப் பின் எவ்வளவு நீர் இருக்கும் என்று கூட்டிக் கழித்துச் சொல்லிவிடலாம். ஆனால் நீர்மட்டம் உயர்ந்தால் மதகின் வழியே பாயும் வேகமும் கூடும். ஆகவே, அடுத்த மணி நேரத்திற்குப் புதிய மட்டத்தைக் கொண்டு மீண்டும் கணக்கிட வேண்டும். இப்படிப் படிப்படியாகச் சென்றால், மறுநாள் கரைக்கு ஆபத்து உண்டா என்பதை இன்றே அறியலாம். இன்றைய நிலை, மாறுதலின் விதி, சிறு சிறு காலப் படிகள் ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததே மாதிரிக் கணிப்பு. காற்றுக் கடலுக்கும் இது பொருந்தும் அன்றோ? 1904ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர் வில்லெல்ம் பியர்க்னெஸ் இதனையே எடுத்துரைத்தார். காற்று மண்டலத்தின் இன்றைய நிலை போதிய அளவு நுட்பமாகத் தெரிந்து, அதனை ஆளும் பௌதிக விதிகளும் தெரிந்தால், நாளைய நிலையைக் கணக்கிட்டே பெறலாம் என்பது அவர் கொள்கை. கொள்கையை அவர் வகுத்தார். கணக்கைச் செய்து பார்க்க முன்வந்தவர் மற்றொருவர்.

அவர் பெயர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். 1881இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், போரை வெறுக்கும் குவேக்கர் சமயக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போர் மூண்டபோது அவர் துப்பாக்கி ஏந்த மறுத்தார். ஆயினும் துன்பத்தைக் கண்டு ஒதுங்கி நிற்கவும் அவரால் இயலவில்லை. 1916இல் அரசாங்க வானிலைத் துறைப் பணியைத் துறந்து பிரான்ஸ் நாட்டுப் போர்முனைக்குச் சென்று, காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டினார். ஓய்வு கிடைத்த வேளைகளில், குளிர் நிறைந்த தங்குமிடத்தில் வைக்கோற் குவியலே மேசையாக, அவர் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். 1910ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் காலை மத்திய ஐரோப்பாவில் நிலவிய காற்றழுத்தமும் காற்றின் வேகமும் பதிவாகியிருந்தன. அவற்றைக் கொண்டு, ஆறு மணி நேரத்தில் அழுத்தம் எவ்வளவு மாறும் என்று கண்டறிவதே கணக்கு. நிலப்பரப்பைச் சதுரங்கப் பலகைபோற் கட்டங்களாகவும், மேலுள்ள காற்றை ஐந்து அடுக்குகளாகவும் பிரித்துக்கொண்டார். கணக்கிடுவதற்கான படிவங்களை வகுத்து, இரண்டே கட்டங்களுக்கு விடை காண ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆயின.

முடிந்துபோன ஒரு நாளின் வானிலையை ஏன் கணக்கிட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நடந்தது இன்னதென்று தெரிந்திருந்தால்தானே விடையைச் சரிபார்க்க முடியும்? மாதிரியை நம்பும் முன் அதனைச் சோதித்துப் பார்க்கும் இவ்வழக்கம் இன்றளவும் இத்துறையின் அடிப்படை ஒழுக்கமாக விளங்குகிறது.

விடை என்ன? ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று கணக்கு காட்டியது. உண்மையில் அன்று பாரமானி அசையவே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. மிகக் கொடிய புயலின் மையத்திற்கும் அதன் சுற்றுப்புறத்திற்கும் இடையே கூட 100 மில்லிபார் வேறுபாடு அரிது என்பதை நினைத்தால், விடை எவ்வளவு பிழையானது என்பது விளங்கும்.

இனி நிகழ்ந்ததுதான் என் உள்ளத்தைக் கவர்வது. 1917 ஏப்ரலில், ஷாம்பெய்ன் போரின்போது அவருடைய கையெழுத்துப் பிரதி காணாமற் போயிற்று. சில மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் அகப்பட்டது. வேறொருவராயிருந்தால் பிழையான விடை தொலைந்தது நன்றே என்று விட்டிருப்பார். ரிச்சர்ட்சனோ 1922இல் அதனைக் கணக்கின் எல்லாப் படிகளோடும், தவறான விடையோடும் நூலாகவே வெளியிட்டார். தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றின் அளவுகளிலேயே பிழை இருந்திருக்க வேண்டும் என்ற தம் கருத்தையும் அதில் எழுதினார்.

பல்லாண்டுகள் கணித ஆசிரியனாக இருந்த நான், விடை மட்டும் எழுதிய மாணவனைவிட வழியை முழுதும் எழுதிய மாணவனுக்கே மிகுந்த மதிப்பெண் அளிப்பது வழக்கம். விடை மட்டும் இருந்தால் அது சரியா தவறா என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல இயலாது. வழி இருந்தால், எந்தப் படியில் கால் இடறியது என்று காட்டிக் கொடுக்கலாம். அடுத்து வருபவன் அவ்விடத்தில் எச்சரிக்கையாக நடப்பான். ரிச்சர்ட்சன் உலகத்திற்கு அளித்தது அத்தகைய வழி.

அவர் இடறிய இடம் எது? ஓர் உவமையால் விளக்குகிறேன். பாரம் ஏற்றிய வண்டியை எடைமேடையில் நிறுத்துங்கள். வண்டியோட்டி தன் சட்டைப் பையிலுள்ள காசுகளை எடுத்து வைத்தபின் மறுபடியும் எடை பாருங்கள். இரண்டு எடைகளின் வேறுபாடே காசுகளின் எடை என்றால், யார் நம்புவார்? வண்டியின் எடையில் நேரும் சிறு பிழையே காசின் எடையை விழுங்கிவிடும். ஒரு கட்டத்தினுள் வரும் காற்றும் வெளியேறும் காற்றும் பேரளவின. அவற்றின் நுண்ணிய வேறுபாடே அழுத்த மாற்றத்தைத் தருவது. அளந்த காற்றும் அளந்த அழுத்தமும் ஒன்றோடொன்று இசையாமல் சற்றே பிசகியிருந்தமையால், இயற்கையில் இல்லாத பேரலைகள் கணக்கில் எழுந்தன. பிற்காலத்தில் அயர்லாந்து அறிஞர் பீட்டர் லிஞ்ச் அக்கணக்கையே கணினியில் மீண்டும் செய்தார். முதலில் ரிச்சர்ட்சனின் தவறான விடையே வந்தது. தொடக்க அளவுகளை இசைவித்த பின் ஏற்கத்தக்க விடை கிடைத்தது.

ரிச்சர்ட்சன் தம் நூலில் ஒரு கற்பனையையும் வரைந்திருந்தார். உலகம் முழுவதன் வானிலையையும் அது நிகழும் வேகத்திலேயே கணக்கிட 64,000 கணக்கர்கள் வேண்டும் என்று மதிப்பிட்ட அவர், அவர்கள் அனைவரும் வட்டமான ஒரு பெரிய அரங்கில் அமர்ந்து பணியாற்றுவதாகவும், நடுவே உயர்ந்த மேடையில் நிற்கும் தலைவர் முந்துவோர்மீது ஒரு நிற ஒளியையும் பிந்துவோர்மீது மற்றொரு நிற ஒளியையும் பாய்ச்சி அவர்களை ஒருசேர நடத்துவதாகவும் எழுதினார். 'கம்ப்யூட்டர்' என்ற சொல் அக்காலத்தில் கணக்கிடும் மனிதரையே குறித்தது என்பதை மறக்கலாகாது.

அக்கணக்கர்களின் இடத்தில் யந்திரம் வந்து அமர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர். அமெரிக்காவில் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிடுவதற்கென அமைக்கப்பட்டு, 1946இல் உலகிற்கு அறிமுகமான எனியாக் என்னும் யந்திரத்தில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. 1950ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஜூல் சார்னியின் குழுவினர் அதனை அணுகினர். கணித மேதை ஜான் வான் நாய்மன் இம்முயற்சிக்குத் தூண்டுகோலாக இருந்தார்; அவருடைய மனைவி கிளாரா வான் நாய்மன் யந்திரத்திற்கு ஆணைகளை வகுக்கும் முறையைக் குழுவினருக்குக் கற்பித்தார். ரிச்சர்ட்சனின் கணக்கைக் கெடுத்த பேரலைகள் எழவே இடமில்லாதபடி, சார்னி சமன்பாடுகளை எளிமையாக்கியிருந்தார். காலப் படி கட்டத்தின் அளவுக்கு ஏற்பச் சிறியதாக இல்லாவிடில் கணக்கே வெடித்துச் சிதறும் என்பதை 1928இலேயே கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்னும் மூவர் காட்டியிருந்தனர்; அந்த அறிவும் கைகொடுத்தது.

முப்பத்து மூன்று நாட்கள் இரவு பகலாக வேலை நடந்தது. 270 புள்ளிகளைக் கொண்டு, 1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சில நாட்களில் நிலவிய வானிலையை மீண்டும் கணித்தனர். ஒரு நாள் வானிலையைக் கணக்கிட ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் செலவாயிற்று. சில முடிவுகள் உண்மையோடு வியக்கத்தக்க வகையில் பொருந்தின. ஒன்று மிகவும் பிசகியது. பொருந்தியதையும் பிசகியதையும் ஒருங்கே அச்சிட்டனர். 1953இல் மறைந்த ரிச்சர்ட்சன் இவ்வெற்றியைக் கண்ட பின்னரே கண்மூடினார் என்பது நமக்கு ஆறுதல் அளிக்கும் செய்தியாகும்.

அன்றாட வானிலை அறிவிப்புக்கு இம்முறையை முதலில் 1954இல் சுவீடனும், அடுத்த ஆண்டில் அமெரிக்காவும் மேற்கொண்டன. யந்திரங்கள் வேகமாக வளர்ந்தன. விதிகளும் தெரியும், யந்திரமும் உண்டு. இனி ஆண்டு முழுவதற்கும் வானிலையைச் சொல்லிவிடலாம் என்று சிலர் நம்பத் தொடங்கினர். அந்நம்பிக்கைக்கு எல்லை வகுத்தவர் எட்வர்ட் லோரன்ஸ். 1961இல், தம்முடைய சிறிய மாதிரியில் முன்பு நடத்திய ஒரு கணிப்பை இடையிலிருந்து மீண்டும் தொடங்க எண்ணி, அச்சிட்ட தாளிலிருந்து எண்களை எடுத்து இட்டார். யந்திரத்தினுள் இருந்த எண் 0.506127, தாளில் இருந்ததோ 0.506. அந்நுண்ணிய வேறுபாடு சிறிது காலம் மறைந்தே இருந்தது. பின்பு பெருகிப் பெருகி, இரண்டு கணிப்புகளும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத வானிலையைக் காட்டின. காற்றை எவராலும் முற்றிலும் பிழையின்றி அளக்க இயலாது. ஆகவே தொலைவிலுள்ள நாளின் வானிலையைத் திட்டமாகச் சொல்லவும் இயலாது. இவ்வுண்மையை 1963இல் அவர் வெளியிட்டார்.

இந்த இடையூற்றைக் கடக்க உதவியது மற்றொரு கருத்து. 1946இல் நோயிலிருந்து தேறிவந்த ஸ்டானிஸ்லா ஊலம் என்ற கணித அறிஞர் தனியே சீட்டாடிக்கொண்டிருந்தபோது, ஆட்டம் வெற்றியாக முடியும் வாய்ப்பைச் சூத்திரத்தால் காண்பதைவிட, நூறு முறை ஆடிப் பார்த்து எண்ணிவிடுவது எளிது என்று உணர்ந்தார். மாண்டி கார்லோ முறை என்று பெயர் பெற்ற இக்கருத்து பிற்பாடு வானிலைக்கும் வந்தது. தொடக்க அளவுகளைச் சிறிது சிறிது மாற்றி, ஒரே கணிப்பைப் பல முறை நடத்துவது. விடைகள் ஒன்றுபட்டால் நம்பிக்கையோடு சொல்வது. சிதறினால் ஐயத்தோடு சொல்வது. 1992 முதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது அன்றாட நடைமுறை ஆயிற்று. மழைக்கு எழுபது விழுக்காடு வாய்ப்பு என்று கேட்டவுடன் சிலர் நகைக்கின்றனர். அதனைக் கணிப்பாளரின் தடுமாற்றம் என்று எண்ணற்க. தம் அறிவின் எல்லையையும் அளந்து சொல்லும் நேர்மை அது.

இவையெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் பைலின் என்னும் கடும்புயல் அதே மாநிலக் கரையைக் கடந்தபோது, இறந்தோர் தொகை சில பத்துகளில் அடங்கிற்று. புயலின் பாதையைப் பல நாட்கள் முன்னரே கணிக்க முடிந்ததும், இலட்சக்கணக்கான மக்கள் கரையோரத்திலிருந்து அகற்றப்பட்டதும், அவர்களுக்குப் புகலிடங்கள் கட்டப்பட்டிருந்ததும் சேர்ந்தே அவ்வுயிர்களைக் காத்தன. கணிப்பு மட்டும் எவரையும் காப்பாற்றாது. அதனை நம்பிச் செயற்படும் ஊரும் அரசும் வேண்டும். நம்பிக்கையோ, தன் பிழையை மறைக்காத விஞ்ஞானத்திற்கே உரியது.

மாணவ நண்பர்களே! உங்கள் தலைமுறையில் கணினியின் விடைகள் வாழ்வின் எல்லாத் துறைகளிலும் வந்து குவியும். விடை திரையில் அழகாகத் தோன்றுகிறது என்பதற்காக அதனை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம்; ஒருமுறை பிசகியது என்பதற்காகப் புறந்தள்ளவும் வேண்டாம். எந்த அளவுகளிலிருந்து தொடங்கினார்கள், எந்த விதியைக் கொண்டார்கள், நடந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா, ஐயம் எவ்வளவு என்று கூறினார்களா என இந்நான்கையும் கேளுங்கள். நீங்களே ஒரு மாதிரியை அமைக்கும் நாள் வரும்போது, இக்கேள்விகளுக்குப் பிறர் விடை காணும் வகையில் உங்கள் வழியை முழுவதும் எழுதி வையுங்கள். உங்கள் விடை பிழையாகவே இருந்தாலும், அதைச் சரிசெய்பவர் ஒருவர் பின்னால் வருவார்.