பிளாஸ்டர் அச்சு

மூல உருவத்தின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலை ஊற்றி, இறுகியபின் பிரித்தெடுக்கும் எதிர்வடிவமே பிளாஸ்டர் அச்சு. பீங்கான் பாத்திரம், பொம்மை, சிலை ஆகியவற்றை ஒரே வடிவில் பலமுறை செய்ய இது உதவுகிறது.

பாரிஸ் வட்டாரத்தின் நிலத்தடியில் ஜிப்சம் மிகுதி. ஈழத்தமிழர் கடைத்தெருவான லா சப்பலுக்கு மேற்கே உள்ள மொன்மார்த்ர் குன்றில் பல நூற்றாண்டுகள் அதை வெட்டியெடுத்தார்கள். சுமார் 150 பாகை செல்சியசில் சுட்டால் ஜிப்சம் தன்னுள் உள்ள நீரில் முக்கால் பங்கை இழக்கிறது. தண்ணீர் பட்டதும் இழந்ததைத் திரும்ப ஏற்று, ஊசி ஊசியாகப் படிகங்கள் பின்ன, இறுகுகிறது. இதை 1765-இல் விளக்கியவர் வேதியியலாளர் லவாய்சியர். இறுகும்போது சற்றே விரிவதால் மூல உருவத்தில் பதிந்த கைரேகைகூட அச்சில் தெரியும்.

கற்பவருக்கு முதற்பாடம் பிளாஸ்டர் கலப்பதன்று, உருவத்தைப் பார்ப்பது. எந்த இடத்தில் பிரித்தால் அச்சு சிக்காமல் கழலும் என்று கண்டு பிரிகோடு வரைய வேண்டும். பந்துக்கு இரண்டு துண்டு போதும். காதுமடலும் துணிமடிப்பும் உள்ள சிலைக்குப் பல துண்டுகள் வேண்டும். இந்தப் பார்வை வாய்க்காதவருக்கு மற்ற நுட்பங்கள் பயன்படா.

உருவத்தைப் பிரிகோடு வரை களிமண்ணில் புதைத்து, சுற்றிலும் தடுப்புக் கட்டி, சோப்புக் கரைசல் பூசி, பிளாஸ்டரை ஊற்றுவார்கள். தண்ணீரில்தான் தூளைத் தூவ வேண்டும். 10 கிலோ தூளுக்கு ஏறத்தாழ 7 லிட்டர் தண்ணீர். முதற்பாதி இறுகியதும் களிமண்ணை நீக்கி, அதன் விளிம்பில் பொருத்துகுழிகள் குடைந்து, மறுபடி சோப்பு பூசி மறுபாதியை ஊற்றுவார்கள். சோப்பு விட்டுப்போனால் இரு பாதிகளும் ஒரே கல்லாகிவிடும். முடிந்த அச்சை மிதமான சூட்டில் நாள்கணக்கில் உலர்த்த வேண்டும். கடுஞ்சூடு பிளாஸ்டரைப் பொடியாக்கும்.

பீங்கான் வேலையில் உலர்ந்த அச்சினுள் களிமண் கூழை ஊற்றுகிறார்கள். குறைந்த நீரிலேயே கூழ் ஓட, சிறிது சோடியம் சிலிகேட் சேர்ப்பதுண்டு. பிளாஸ்டரின் நுண்துளைகள் நீரை உறிஞ்ச, உட்சுவரில் களிமண் படலம் படியும். தேவையான கனம் வந்ததும் மிச்சக் கூழை வடித்துவிடுவார்கள். படலம் காயக்காயச் சுருங்கி அச்சைவிட்டுக் கழன்றுவிடும். சூளையில் இன்னும் சுருங்கும் என்பதால் மூல உருவம் பெரிதாக இருக்க வேண்டும். விருத்தாசலம் பீங்கான் பொம்மைகள் இம்முறையில் உருவாகின்றன.

சிற்பத்தில் இருவகை அச்சுகள் பழையவை. ஒருமுறை அச்சை உளியால் உடைத்தே உருவை வெளியே எடுப்பர். ஒரு பிரதிதான் கிடைக்கும். துண்டச்சைக் கழற்றிக் கழற்றிப் பல பிரதிகள் எடுக்கலாம். பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் தம் களிமண் உருவங்களின் கைகால்களைத் தனித்தனியே பிளாஸ்டரில் வார்த்து, புதுச் சிற்பங்களில் இணைத்தார். 1794-இல் லூவ்ரில் தொடங்கிய அரசு அச்சுக்கூடம் பின்னர் பாரிசை அடுத்த சான்-தெனிக்கு இடம்பெயர்ந்தது. அருங்காட்சியகச் சிலைகளிலிருந்து எடுத்த ஆயிரக்கணக்கான அச்சுகளைக் காத்துவந்த அக்கூடம், கைத்தொழில் அறிவின் அரிய சேமிப்பு.

இன்று சிற்பிகள் சிலிக்கோன் ரப்பரை நாடுகிறார்கள். உட்குழிவுகளிலிருந்தும் அது வளைந்து வெளிவரும். ஆனால் தானாக நிற்காது. வெளியே பிளாஸ்டர் கவசம் வேண்டும், அந்தக் கவசத்துக்கும் பிரிகோடு வரைந்தாக வேண்டும்.