வராகமலையின் அடியும் முடியும்: பழனித் திருவிழாக்களும் கொள்ளைநோய்க் காலத்து ஊர்திரும்பலும்

வராகமலை எனவும் வழங்கப்பெறும் பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் பழனியும், அதன் மேற்பரப்பில் கொடைக்கானலும் அமைந்துள்ளன. அகநானூறு பொதினி எனவும், திருமுருகாற்றுப்படை ஆவினன்குடி எனவும் குறிப்பிடுவது அடிவாரத்து ஊரையே. கொடைக்கானல் நகரமோ 1845ஆம் ஆண்டிற்குப் பிற்பட்டது. ஒன்று மக்கள் கூடியதால் வளர்ந்த ஊர்; மற்றொன்று நோய்க்கு அஞ்சியோர் விலகி ஏறியதால் தோன்றிய ஊர். சமய வரலாற்றார் முன்னதையும், காலனிய வரலாற்றார் பின்னதையும் தனித்தனியே ஆராய்வது வழக்கமாக உள்ளது. இவ்விரு வரலாறுகளையும் சேர்த்து நோக்கும்போதுதான், திருவிழாவுக்குச் சென்று ஊர் திரும்பும் மனிதர் ஆட்சியாளரின் பார்வையில் எப்போது நோயின் காரணராக மாறினார் என்ற வினா எழுகிறது. இக்கட்டுரை அவ்வினாவை மையமாகக் கொண்டது.

நிலத்தில் தேடப்பட்ட காரணம்

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் கடுங்காய்ச்சல் பரவிப் பெருந்திரளான மக்கள் மாண்டனர். காரணத்தை ஆராயச் சென்னை அரசு மருத்துவர் வில்லியம் எயின்ஸ்லி தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 1816இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. புவியியல், வேளாண்மை, மருத்துவம் ஆகிய மூன்றையும் தன் பெயரிலேயே தாங்கிய அறிக்கை அது. பருவம் தவறிய மழை, தேங்கிய நீர், சதுப்பிலிருந்து எழும் நச்சுக்காற்று என அக்காலக் கொள்கைப்படியே காரணங்கள் தேடப்பட்டன. நோய் நிலத்தில் இருப்பதாக எண்ணப்பட்டதே இங்குக் கருதத்தக்கது.

நோய் நிலத்தில் இருக்குமாயின், நிலத்தை விட்டு உயரே செல்வது தீர்வாகும். 1834இல் மதுரையில் பணிதொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். முதலில் சிறுமலையில் தங்க முயன்றனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னரே 1821இல் வார்டு என்னும் அதிகாரி அளந்திருந்த பழனி மலையின் மேற்பரப்பை நாடி, 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரு மாளிகைகளை எழுப்பினர். 1863இல் வெரி லெவிஞ்ச் ஓடையைத் தடுத்து ஏரி அமைத்தார். 1914இல் லாஸ் காட் சாலை வரும்வரை, பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான பாதையில் சுமையாட்கள் வெள்ளையரைத் தோளில் சுமந்து ஏறினர். நோயற்ற உச்சி என்று போற்றப்பட்ட இடத்திற்கு அவர்களைச் சுமந்து சென்றவர்கள் சமவெளியிலிருந்து வந்தவர்களே என்பது அப்போதைய சுகாதாரச் சிந்தனையில் பொருட்படுத்தப்படவில்லை. மேலும், அவ்வுச்சி ஆளற்ற காடும் அன்று. பூம்பாறை, வில்பட்டி முதலிய ஊர்கள் தத்தம் முருகன் கோயில்களோடும் திருவிழாக்களோடும் அதற்கு முன்பே அங்கிருந்தன.

ஒரே கோடையில் இரு பயணங்கள்

கொடைக்கானலுக்கு வெள்ளையர் ஏறிய கோடைப் பருவமும் பழனியில் பங்குனி உத்திரம் கூடும் பருவமும் ஏறத்தாழ ஒன்றே. தைப்பூசத்திற்குச் செட்டிநாட்டு நகரத்தார் முதலானோர் கிழக்கிலிருந்து நடந்து வருவர். பங்குனி உத்திரமோ சிறப்பாகக் கொங்குநாட்டார் விழா. கொடுமுடியிலிருந்து காவிரி நீரைத் தீர்த்தக் காவடியாகச் சுமந்துவந்து தண்டாயுதபாணிக்கு நீராட்டுவது அதன் உயிர்நாடி. வந்தோர் சண்முகநதியில் நீராடி மலையேறுவர். மேலே வராகமலையில் மழை இல்லாத பருவத்தில் கீழே அந்நதியும் மெலியும். குறைந்த நீரில் மிகுந்த மக்கள் குளிக்கவும் பருகவும் நேர்வது வாந்திபேதிக்கு மிக ஏற்ற சூழல்.

இந்நோயின் இயல்பு ஒன்றை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். கிருமி உட்புகுந்து சில மணிநேரம் முதல் ஐந்து நாளுக்குள் நோய் வெளிப்படும். விழா நாளில் நீர் பருகியவர் பெரும்பாலும் விழாவில் வீழ்வதில்லை. திரும்பும் வழியில், சத்திரத்தில், சொந்த ஊரில் வீழ்கிறார். நடையாகச் சில நாட்கள் செல்லும் தொலைவே கொங்குநாட்டு ஊர்களுக்கும் பழனிக்கும் இடையில் இருந்தது. ஆதலின் நேர்த்திக்கடனை முடித்துத் திருநீறும் பஞ்சாமிர்தமுமாக வீடு திரும்பிய நாளே பல குடும்பங்களுக்கு அச்சத்தின் நாளாகியிருக்கும். போகர் நவபாடாணத்தால் திருமேனி அமைத்தார் என்னும் மரபின்படி, அத்திருமேனியில் பட்ட பாலும் நீரும் மருந்தாகவே கொள்ளப்படுகின்றன. பிணி தீர வேண்டிச் சென்றவரையே அரசின் சுகாதார அறிக்கைகள் பிணி சுமப்பவர் என வகைப்படுத்தின.

இவ்வகைப்பாடு வங்கத்தில் 1817இல் பெருகி அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தை எட்டிய வாந்திபேதியோடு உடனே தோன்றிவிடவில்லை. 1866இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு இந்தியத் தல யாத்திரைகளைச் சுட்டிக்காட்டியதும், மறு ஆண்டே ஹரித்துவார் கும்பமேளாவையடுத்து வடஇந்தியாவில் வாந்திபேதி பரவியதும் யாத்திரிகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. எனினும் திருவிழாக்கள் தடுக்கப்படவில்லை. சமயத்தில் தலையிடுவதில்லை என்னும் 1858ஆம் ஆண்டு அரசியின் அறிக்கை ஒரு காரணம். செலவுக்கு அஞ்சியது மற்றொன்று. இந்திய அரசின் சுகாதார ஆணையராக இருந்த கன்னிங்காம் தொற்றுக் கொள்கையையே ஏற்காததும் இதற்குத் துணைநின்றது. 1854இல் ஜான் ஸ்நோ நீரைச் சுட்டிக்காட்டியிருந்தும், 1884இல் கல்கத்தாக் குளத்து நீரில் ராபர்ட் காக் கிருமியைக் கண்டும், ஆட்சியின் கருத்து மாறக் காலம் பிடித்தது. டேவிட் அர்னால்டு இத்தயக்கத்தைக் காலனிய அரசின் அரசியல் அச்சமாக விளக்குவது பொருத்தமே. ஆயினும் பழனியைப் பொறுத்தவரை அச்சத்தைவிட அக்கறையின்மையே மிகுதி எனத் தோன்றுகிறது. பழனி நகராட்சி 1886இல் உருவாயிற்று. கொடைக்கானல் 1899இல் நகராட்சி ஆயிற்று. யாத்திரிகர் திரளைத் தாங்கவேண்டிய ஊரும் கோடைவாழிடமும் பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே நிலையைப் பெற்றன என்பது அரசின் முன்னுரிமையை உணர்த்தும். இடையில் 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மட்டும் சென்னை மாகாணத்தில் மூன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாந்திபேதியால் இறந்ததாகப் பதிவாகியுள்ளது.

காப்புக்கட்டும் எல்லையும்

மக்கள் வழக்கில் விழாவும் நோயும் வேறுவகையில் பிணைந்திருந்தன. கொங்குநாட்டிலும் மதுரைப் பக்கத்திலும் அம்மன் விழாவுக்குக் காப்புக் கட்டியபின் ஊரார் எல்லை கடந்து வெளியூரில் இரவு தங்கலாகாது. அயலூரார் உள்ளே தங்குவதும் தவிர்க்கப்படும். பிழைக்கச் சென்றவர் காப்புக்கு முன்பே ஊர் வந்துசேர வேண்டும். அம்மையும் பேதியும் பரவும் கோடையில் இவ்விதி நிலைபெற்றிருப்பதைக் கொண்டு, முன்னோர் தனிமைப்படுத்தலை அறிந்திருந்தனர் எனச் சிலர் எழுதுவது மிகை. நேர்ந்த நாளில் ஊர் முழுமையாக இருக்கவேண்டும் என்பதே அதன் பொருள். ஆனால் இவ்விதியில் திரும்பி வருபவர் ஐயத்திற்குரியவர் அல்லர். அவர் வராமலிருப்பதே குறை. சுகாதார அறிக்கைக்கும் ஊர்வழக்கிற்கும் உள்ள முரண் இதுவே.

1897க்குப் பின்

பிளேக்கின் வரவால் இயற்றப்பட்ட 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம் அரசின் தயக்கத்தை நீக்கியது. நோய்ப் பகுதியிலிருந்து வருவோர் 'பிளேக் பாஸ்போர்ட்' பெற்று, சென்றடைந்த ஊரில் பத்து நாட்கள் நாள்தோறும் நேர்நிற்க வேண்டும் என்ற முறை சென்னை மாகாணத்தில் நடைமுறையாயிற்று. ஊர் திரும்புதல் முதன்முறையாக அனுமதிக்குரிய செயலானது அப்போதுதான். 1928இல் திண்டுக்கல்–பொள்ளாச்சி இருப்புப்பாதை பழனி வழியே வந்தபின், சில நாள் நடை சில மணிநேரமாகச் சுருங்கியது. நோய் வெளிப்படுமுன்பே யாத்திரிகர் வீடு சேர்ந்துவிடும் நிலை உண்டாயிற்று. 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி இயல் வகுத்தது. குடிநீர், கழிப்பிடம், மருத்துவ ஏற்பாடு ஆகியன உள்ளாட்சியின் கடமைகளாயின. காரணம் யாத்திரிகரிடமிருந்து இடத்திற்கும் நீருக்கும் சட்டப்படி இடம்பெயர்ந்தது அப்போதுதான். எனவே இவ்வியல் இதுவரை பெற்றதைவிட மிகுந்த கவனத்திற்குரியது.

2020 மார்ச்சில் தமிழக அரசு 1897, 1939 ஆகிய இரு சட்டங்களையுமே துணைக்கொண்டது. கோவிட் காற்றுவழிப் பரவுவது. நீரைத் தூய்மைப்படுத்தித் தடுக்க இயலாதது. எனவே இம்முறை பயன்பட்டது சட்டத்தின் தடுக்கும் கையே, ஏற்பாடு செய்யும் கை அன்று. ஏப்ரல் 6ஆம் நாள் வந்த பங்குனி உத்திரம் ஊரடங்குக்குள் அகப்பட்டது. தென்மாவட்டங்களில் அந்நாள் குலதெய்வமாகிய சாத்தாவை வணங்க, சென்னையிலும் மும்பையிலும் வாழ்வோர் சொந்த ஊர் திரும்பும் நாளும் ஆகும். கொடைக்கானலுக்கும் வெளியார் வரவு தடுக்கப்பட்டு, பின்னர் இ-பாஸ் பெற்றோரே அனுமதிக்கப்பட்டனர். நோய்க்கு அஞ்சி ஏறியோரால் உருவான ஊர், ஏறி வருவோருக்கு அஞ்சிய காலம் அது.

2021 ஜனவரியில் தைப்பூசம் தமிழ்நாட்டின் பொதுவிடுமுறை நாட்களுள் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டிடங்களில் மக்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வாண்டுத் தைப்பூசம் 18ஆம் நாள். ஆணை வந்தது ஜனவரி இரண்டாம் வாரத்தில். பாதயாத்திரைக்கு மாலை அணிவதோ மார்கழியிலேயே தொடங்கிவிடும். நோன்பைத் தொடங்கிவிட்ட ஒருவர் சந்நிதியை அடையாமல் மாலையைக் கழற்றி ஊர் திரும்புவது எவ்வாறு என்பதற்கு 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விடையில்லை, 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விடையில்லை.