சென்னைப் பல்கலைக்கழக நூலகம்

சென்னை மெரினா கடற்கரையை ஒட்டிய சேப்பாக்கம் வளாகத்தில் உள்ள நூலகம். இந்திய நூலகவியல் இங்கேதான் உருப்பெற்றது என்று சொன்னால் மிகையாகாது. 1857-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதோடு நின்றது. அதனால் நூலகத்தைப் பற்றிய கவலை அரை நூற்றாண்டுக்குப் பிறகே வந்தது. 1907-இல் தொடங்கிய நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் ஒண்டுக்குடித்தனம்தான்.

1924 ஜனவரியில் எஸ். ஆர். ரங்கநாதன் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். ஆள் வராத இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்ப முயன்றார். பயிற்சிக்காக அதே ஆண்டு லண்டன் சென்றதும் எண்ணம் மாறியது. எல்லாத் தரப்பு மக்களும் வந்து படிக்கும் நூலகங்களை அங்கே பார்த்தார். 1925-இல் திரும்பியவர், வாசகரே அடுக்குக்குள் சென்று நூலை எடுக்கும் திறந்த அடுக்கு முறையைக் கொண்டுவந்தார். தேடி வருபவருக்குக் கூடவே நின்று உதவுவதையும் நூலகத்தின் வேலையாக்கினார். இன்று சாதாரணமாகத் தோன்றும் இவை, புத்தகத்தைப் பூட்டிக் காப்பதே நிர்வாகம் என்றிருந்த காலத்தில் பெரிய துணிச்சல்.

லண்டன் கடையொன்றில் பார்த்த மெக்கானோ விளையாட்டுப் பொருள்தான் அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு வித்திட்டது. சில பட்டைகளையும் திருகுகளையும் கொண்டு வெவ்வேறு பொம்மைகள் செய்யலாம் என்றால், சில கூறுகளைச் சேர்த்து எந்தப் பொருளுக்கும் எண் அமைக்கலாமே என்று யோசித்தார். 1933-இல் நூலாக வெளிவந்த இம்முறையின் பிற்காலப் பதிப்பில், இந்தியாவில் 1950-இல் நடந்த, நுரையீரல் காசநோய்க்கான எக்ஸ்ரே சிகிச்சை பற்றிய ஆய்வுக்கு ஒரே எண் உண்டு. அதில் எல் என்ற எழுத்து மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 44 இந்தியா. விலை, ஊர், பிராண்ட் என்று வடிகட்டித் தேடும் இன்றைய இணையக் கடைகளின் தருக்கமும் ஏறக்குறைய இதுவே.

நூலகப் பயிற்சி வகுப்புகளைச் சென்னை நூலகச் சங்கத்திடமிருந்து 1931-இல் பல்கலைக்கழகம் ஏற்றது. அதே ஆண்டு நூலகவியலுக்கான ரங்கநாதனின் ஐந்து விதிகள் நூலாயின. 1936-இல் கடற்கரை வளாகத்துச் சொந்தக் கட்டடம் கிடைத்தது.

கணினிக் காலத்தில் முன்னெடுப்பு சென்னையிலிருந்து நழுவியது. 1996-இல் பல்கலைக்கழக மானியக் குழு தன்னாட்சி மையமாக்கிய இன்ஃபிளிப்நெட் நாட்டின் பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் பணியை ஏற்றது. நூலகங்களுக்கான சோல் மென்பொருளும், ஆய்வேடுகளைத் திரட்டும் ஷோத்கங்கா களஞ்சியமும் அதன் ஆக்கங்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்க வேண்டும் என்று 2009 விதிமுறை சொன்ன பிறகு, பீரோவில் தூசி படிந்து கிடக்க வேண்டியவை எவரும் இலவசமாகப் படிக்கும் கோப்புகளாயின. ஆய்வேட்டைத் திருடி எழுதுவோருக்கு இதில் சங்கடம் உண்டு, மற்றவர்களுக்கு லாபமே.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கும். இவை பன்னாட்டுப் பதிப்பகங்களின் இதழ்கள். பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் வேண்டும் ஆய்வாளருக்கு இத்திட்டத்தால் பெரிய பயன் இல்லை.