குழந்தைக்கு மட்டும் மருந்து போட்டா சிரங்கு போகாது!

1) விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுத்தி பொரிப்பொரியா இருக்கு. ராத்திரி ஆனா குழந்தை சொறிஞ்சு சொறிஞ்சு அழுவுது. களிம்பு போட்டா அடங்கி, அடுத்த மாசமே திரும்ப வருதா?

"பலாப்பழச் சூடு", "ரத்தம் கெட்டுப்போச்சு"ன்னு எங்க புதுக்கோட்டைப் பக்கம் சொல்லுவாங்க.

2) ஐரோப்பாவும் ஒரு காலத்துல உடம்புக்குள்ள இருக்கும் கெட்ட நீர்தான் காரணம்னு நம்புச்சு. 1687ல் இத்தாலிய மருத்துவர் பொனோமோ, தோலுக்குள் வளை தோண்டும் நுண்பூச்சிதான் காரணம்னு எழுதினார். மருத்துவ உலகம் ஏத்துக்கல.

1834ல் ரெனூச்சி என்ற மாணவர், பாரிஸில் எல்லார் முன்னாடியும் அதை ஊசிமுனையில் எடுத்துக் காட்டினார். கோர்சிகா தீவுப் பெண்களிடம் கத்துக்கிட்ட வித்தை அது!

3) சரி, ஏன் திரும்ப வருது?

இரண்டாம் உலகப்போர் சமயம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கென்னத் மெலன்பி தன்னார்வலர்களை வைத்து ஆராய்ந்தார். இது போர்வையால் பரவுவது குறைவு, நெருங்கிப் பழகும் உடம்புகளால்தான் அதிகம். முதல்முறை தொற்றினால் ஏறக்குறைய ஒரு மாசம் அரிப்பே இருக்காது.

அதாவது, அரிப்பே இல்லாத அப்பாவும் ஆயாவும் குழந்தைக்குத் திரும்பக் கொடுக்கலாம்.

4) அதனால சிரங்குன்னு டாக்டர் உறுதி செஞ்சா, வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி மருந்து பூசணும். பெர்மெத்ரின் 5% களிம்புன்னா கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, காலையில் குளிக்கணும். ஒரு வாரம் கழிச்சு மறுபடியும். கைக்குழந்தை, கர்ப்பிணிகளுக்கு டாக்டர் சொல்படி மட்டும்.

மெடிக்கலில் நீங்களா ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் போடாதீங்க. அரிப்பு அடங்கும், பூச்சி சாகாது.