தீட்டும் தொற்றும்: பொதுக் கட்டடங்களைக் கழுவிய கைகளின் வரலாறு

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேட்டுப்பாளையத்தில் நின்றுகொண்டு சுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் ஒரு சுவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிப்போயிருந்த சுமார் 20 அடி உயரச் சுவர் நடூரில் நம் மக்களின் வீடுகள்மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டார்கள். அப்பகுதி மக்களும் இயக்கங்களும் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தார்கள். அடுத்த நான்கு மாதத்துக்குள் நாடே ஊரடங்கில் இருந்தது. 'விலகி நில்லுங்கள், தொடாதீர்கள்' என்று அரசே ஒலிபெருக்கியில் சொன்னது. இந்த இரண்டு விலக்கலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பேச வேண்டியதற்குக் காரணம் உண்டு. 2020இல் வாட்ஸ்அப்பில் ஒரு வாதம் சுற்றியது. நம் முன்னோர்கள் அறிவியல் தெரிந்தவர்கள், நோய் பரவக்கூடாது என்றுதான் தள்ளி வைத்தார்கள், தீண்டாமை என்பது உண்மையில் சுகாதார ஏற்பாடு என்றது அது. படித்தவர்களும் இதைப் பகிர்ந்தார்கள். இதற்கு ஒரு தேநீர்க் குவளையை வைத்தே பதில் சொல்லிவிடலாம். கொங்குப் பகுதியின் இரட்டைக் குவளையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொரோனா கிருமி கொழுப்பாலான ஓர் உறைக்குள் இருக்கிறது. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும், 20 விநாடி போதும். அதன்பின் அந்தக் கை யாருடைய கையாக இருந்தாலும் சுத்தமான கைதான். தீட்டு அப்படிப்பட்டதல்ல. நம் ஆள் குடித்த குவளையை, அதுவும் அவரே கழுவிக் கவிழ்த்து வைத்த குவளையை, எத்தனை முறை கழுவினாலும் அடுத்த குவளைகளோடு சேர்க்க மாட்டார்கள். சோப்புக்குக் கட்டுப்படாத ஒன்று நோயாக இருக்க முடியாது. நோய்த்தொற்று பிறப்பு பார்ப்பதில்லை. தீட்டு பிறப்பைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. 'சமூக விலகல்' என்ற சொல்லுக்கு அப்போது நம்மவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தது வெறும் சொல் சண்டை அல்ல.

இனி கட்டடங்களுக்கு வருவோம். பள்ளி, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், நகராட்சிக் கட்டடம், பஸ் ஸ்டாண்டு எல்லாம் பொது என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். சென்னை மாகாணத்தில் இது எழுதி வாங்கப்பட்ட உரிமை. 1924இல் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தால்தான், பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றோடு பொது அலுவல் நடக்கும் கட்டடங்களும் எல்லாச் சாதியாருக்கும் திறந்தவை என்று அரசு அறிவித்தது. கோயம்புத்தூரிலிருந்து போன ஆர். வீரையனும் அதே அவையில் இதே உரிமைக்காகக் குரல் கொடுத்தார். நம் மாவட்டத்து மாணவர்களுக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பது நம் பாடநூல்களின் இலட்சணம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1924க்கு முன்பும் அந்தக் கட்டடங்களுக்குள் நம் மக்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், கையில் வாளியும் துடைப்பமுமாக. மனு கொடுக்கப் போனால் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள், கக்கூஸ் கழுவப் போனால் பின்வாசல் வழியே உள்ளே விடப்பட்டார்கள். நகராட்சி என்ற அமைப்பே அப்படித்தான் ஓடியது. கொங்குப் பகுதியில் இந்த வேலை பெரும்பாலும் அருந்ததியர்மேல் சுமத்தப்பட்டது.

பிளேக் காலத்தைப் பாருங்கள். 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக்குக்காக 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. 2020இல் நம்மை வீட்டுக்குள் இருக்கச் சொன்னபோது அதே சட்டமும் பயன்படுத்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கோயம்புத்தூரைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. அதன் நினைவாகத்தான் இன்றும் அங்கே பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. நோய் வீட்டின் தரையிலும் சுவரிலும் ஒட்டியிருக்கிறது என்று முதலில் நம்பினார்கள். கார்பாலிக் அமிலத்தையும் பாதரச உப்புக் கரைசலையும் ஊற்றினார்கள், ஓட்டைப் பிரித்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், துணிமணியைக் கொளுத்தினார்கள். எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சிமோன் 1898இலேயே சொல்லிவிட்டார். அதை மற்றவர்கள் ஏற்கவே பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ஊற்றிய மருந்தெல்லாம் பெரும்பாலும் வீண். கலைத்த எலிகள் அடுத்த வீட்டுக்குப் போயின.

வரலாற்று நூல்களில் யாருடைய வீட்டுக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள் என்பது விரிவாக இருக்கிறது. 1897இல் புனாவில் ராண்ட் என்ற அதிகாரியைச் சுட்டதும் எல்லோருக்கும் தெரியும். அந்த வாளிகளைத் தூக்கியவர்கள் யார் என்பது அவ்வளவு விரிவாக இல்லை. பம்பாய் நகராட்சிக்கு அப்போது இருந்த பெரிய பயம், துப்புரவுத் தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்களோ என்பதுதான். அவர்கள் போய்விட்டால் நகரத்தில் மனிதர் வாழ முடியாது என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த பலம் தங்களிடம் இருக்கிறது என்பதை நம்மவர்கள் உணர விடாமல் பார்த்துக்கொண்டதும் ஒரு நிர்வாகக் கலைதான்.

2020இல் அதே கதை வேறு மருந்தோடு நடந்தது. மார்ச் கடைசியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைத் தரையில் உட்காரவைத்து மேலே கிருமிநாசினி பீய்ச்சினார்கள். ஏப்ரல் முதல் நாள் நம் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில், ஆள் நடந்துபோனால் மருந்து தெளிக்கும் சுரங்கப்பாதை வந்தது. நாடெங்கும் அதைப் பார்த்து அமைத்தார்கள். மனிதர்மேல் மருந்து தெளிப்பது தீங்கானது என்று ஏப்ரல் 18இல் மத்திய சுகாதார அமைச்சகமே சொல்ல வேண்டியதாயிற்று. தெருக்களில் தெளிப்பதும் பயனில்லை என்று மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. ஆனாலும் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகத் தெளித்தார்கள். அது பார்ப்பதற்கு ஏதோ நடப்பதுபோல் இருந்தது. மூச்சில் குளோரினை இழுத்தவர் தெளித்த தொழிலாளி.

அப்படியானால் கழுவுவதே வீணா என்று மாணவர்கள் கேட்பீர்கள். இல்லை. எதை, எதற்காகக் கழுவுகிறோம் என்று தெரிய வேண்டும். பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் இந்தக் கிருமி 72 மணி நேரம் வரை இருக்கிறது என்று 2020 மார்ச்சில் ஆய்வகச் சோதனை சொன்னது. பால் பாக்கெட்டைக்கூட நாம் கழுவினோம். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று கணித்தது. கொரோனா முக்கியமாகக் காற்றில் வந்தது. அதற்கு மருந்து, திறந்த ஜன்னல். வயிற்றுப்போக்குக் கிருமிகளும் மஞ்சள்காமாலைக் கிருமியும் வேறு ரகம். அவை கை வழியாகவும், பொதுக் கழிப்பறை வழியாகவும், தண்ணீர் வழியாகவும்தான் பரவுகின்றன. அங்கே கழுவுவது உயிர் காக்கும்.

முறையும் உண்டு. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுக்க வேண்டும், ஏனென்றால் அழுக்கின்மேல் ஊற்றிய பிளீச்சிங்கின் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். 33 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால் லிட்டருக்கு 30 கிராம் கலந்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். கதவுக் கைப்பிடி, குழாய், சுவிட்ச் இவற்றில் தடவி உடனே துடைக்காமல் பத்து நிமிடம் விட வேண்டும். கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கையுறை வேண்டும். கக்கூஸ் ஆசிடையும் பிளீச்சிங்கையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் குளோரின் வாயு வரும், முதல் உலகப் போரில் மனிதரைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. ஜன்னலில்லாத கழிப்பறைக்குள் ஒரு பெண்ணை இரண்டு டப்பாக்களோடு அனுப்பிவிட்டு இதைச் சொல்லித் தராதிருப்பது கவனக்குறைவு அல்ல, குற்றம்.

கட்டடமே குற்றவாளியாக இருக்கும் இடங்களும் உண்டு. 2003இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டவர்களுக்குச் சார்ஸ் வந்தது. குளியலறைத் தரையிலிருந்த வடிகால் வளைவுகளில் தண்ணீர் காய்ந்துபோக, பொதுக் குழாயின் கழிவுக் காற்று வீட்டுக்கு வீடு ஏறியது என்பதே விசாரணையின் முடிவு. அங்கே எத்தனை முறை தரையைத் துடைத்திருந்தாலும் போதாது, குழாயைச் சரிசெய்ய வேண்டும். உக்கடத்தில் தூய்மைப் பணியாளர்கள் வாழ்ந்த சி.எம்.சி. காலனியைப் போன்ற இடங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஊரின் பொதுக் கட்டடங்களைக் கழுவுகிறவர்கள் நெருக்கி அடித்த வீட்டில், பொதுக் கழிப்பறையை நம்பி வாழும்போது, தனிமைப்படுத்திக்கொள் என்று சொல்வதற்கு என்ன பொருள்?

2020 மார்ச்சில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று அரசு மாற்றியது. கை தட்டினார்கள், சில ஊர்களில் மாலை போட்டார்கள், பாதபூஜைகூட நடந்தது. பெயர் மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடூர் சுவர் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு, 2019 நவம்பர் கடைசியில் நடந்ததையும் அதோடு வைத்துப் பாருங்கள். கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களை அறிவித்தது. பொறியியல் பட்டதாரிகள் உள்பட சுமார் 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். நிரந்தர வேலை, மாதச் சம்பளம் என்றதும் அந்தத் துடைப்பத்தில் தீட்டு இல்லாமல் போனது. ஒப்பந்த வேலைக்கு, அதே தெருவை, அதே சாக்கடையை, யார் வரிசையில் நிற்கிறார்கள்?

அவர்கள் 2022 அக்டோபரில் கோவையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த நாள்கூலி 721 ரூபாயைக் கொடுங்கள் என்பது அவர்கள் முன்வைத்த முக்கியக் கோரிக்கை. கொரோனா வார்டுகளின் கழிவை அள்ளியவர்கள், காகிதத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு தொகையைக் கேட்டு வீதியில் உட்கார்ந்தார்கள். மாணவ நண்பர்களே, உங்கள் கல்லூரியின் கழிப்பறையை நாளைக் காலை கழுவப்போகிறவர் யாருடைய ஒப்பந்தத்தில் இருக்கிறார், அவருக்கு என்ன கூலி, கையுறை கொடுத்தார்களா, அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதிலிருந்து பேச்சைத் தொடங்குவோம்.