தீவிர சிகிச்சையில் சிரைவழித் திரவ ஆய்வுகள்

சிரைவழித் திரவ ஆய்வுகள் என்பவை தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அறுவை அரங்கிலும் நோயாளிக்கு எந்தத் திரவத்தை, எவ்வளவு, எப்போது ஏற்றினால் நன்மை என்பதை ஒப்பிட்டுச் சோதிக்கும் மருத்துவ ஆய்வுகள். ரத்தப்போக்கு, செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடலுறுப்புகள் பாதிக்கப்படும் நிலை), தீக்காயம், பெரிய அறுவை ஆகியவற்றின்போது ரத்த ஓட்டம் குன்றாமல் காக்க இத்திரவங்கள் அன்றாடம் பயன்படுகின்றன. பேச்சுவழக்கில் ‘டிரிப்ஸ்’, ‘சலைன்’ என்று சொல்லப்படுவதும் இவற்றைத்தான். நூறாண்டுக்கு மேலாக உடலியல் ஊகத்தையும் மருத்துவரின் பழக்கத்தையும் ஒட்டியே இவை தேர்ந்தெடுக்கப்பட்டன. 1998க்குப் பின் ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஆய்வுகள், மற்ற மருந்துகளைப் போலவே திரவங்களுக்கும் உரிய அளவும் பக்கவிளைவும் உண்டு என்பதைக் காட்டின.

தொடக்கம்

1831இல் பிரிட்டனில் காலரா பரவியபோது, நோயாளிகளின் ரத்தம் நீரையும் உப்பையும் இழந்திருப்பதை வில்லியம் ஓ’ஷாக்னெசி கண்டறிந்தார். இவரே பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்து இந்தியத் தந்தித் துறையை நிறுவியவர். அவருடைய கண்டுபிடிப்பை அடியொற்றி, 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா காலரா நோயாளிகளின் சிரையில் உப்புக் கரைசலைச் செலுத்தினார். முதல் நோயாளியான மூதாட்டி தெளிவடைந்து, சில மணி நேரத்தில் மீண்டும் நலிந்து இறந்தார். பின்னர் சிகிச்சை பெற்றவர்களில் சிலர் பிழைத்தனர். கொள்ளைநோய் ஓய்ந்ததும் இம்முறை பல பத்தாண்டுகள் வழக்கொழிந்தது.

1880களில் சிட்னி ரிங்கர், தவளை இதயம் தொடர்ந்து துடிக்கக் கால்சியமும் பொட்டாசியமும் கலந்த கரைசல் தேவை என்று காட்டினார். 1930களில் அலெக்சிஸ் ஹார்ட்மன் அதனுடன் லாக்டேட்டைச் சேர்த்தார். இன்று மருத்துவமனைகளில் ‘ஆர்.எல்.’ எனப்படும் ரிங்கர் லாக்டேட் இவ்வழியில் வந்தது. மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆல்புமின், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹார்வர்டில் எட்வின் கோன் குழுவினரின் முயற்சியால் புழக்கத்துக்கு வந்தது.

திரவ வகைகள்

உப்புகளும் சிறு மூலக்கூறுகளும் மட்டும் கரைந்தவை கிரிஸ்டலாய்டுகள். 0.9% உப்புக் கரைசல், ரிங்கர் லாக்டேட் ஆகியவை இவ்வகை. ஆல்புமின், ஸ்டார்ச், ஜெலட்டின் போன்ற பெரிய மூலக்கூறுகள் கொண்டவை கொலாய்டுகள். எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, பெரிய மூலக்கூறுகள் ரத்தக்குழாய்க்குள் நீரைப் பிடித்துவைக்கும். ஆகவே ஒரு பங்கு கொலாய்டு செய்யும் வேலைக்கு மூன்று பங்கு கிரிஸ்டலாய்டு வேண்டும் என்பது பாடநூல் விதியாயிற்று. ரத்தக்குழாயின் உட்சுவரைப் போர்த்தியுள்ள கிளைக்கோகேலிக்ஸ் என்னும் மெல்லிய படலமே கசிவைப் பெரிதும் கட்டுப்படுத்துகிறது என்றும், கடும் நோயில் அப்படலம் சிதைகிறது என்றும் பின்னர் தெரியவந்தது. அதன்பின் இந்த விதி நோயாளியின் உடலில் அப்படியே பொருந்தாதது ஏன் என்பது விளங்கியது.

ஆல்புமின் ஆய்வுகள்

1998இல் காக்ரேன் என்னும் ஆய்வு மதிப்பீட்டுக் குழு 30 சிறிய ஆய்வுகளைத் தொகுத்து, ஆல்புமின் பெறும் 17 பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக இறக்கக்கூடும் என்று அறிவித்தது. இதனால் எழுந்த சர்ச்சையைத் தீர்க்க ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தீவிர சிகிச்சை மருத்துவர்கள் சேஃப் ஆய்வை நடத்தினர். 16 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 6,997 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியினர் 4% ஆல்புமினும் மறுபகுதியினர் உப்புக் கரைசலும் பெற்றனர். எது ஏறுகிறது என்று மருத்துவருக்கும் தெரியாதபடி பாட்டில்கள் உறையிட்டு மறைக்கப்பட்டன. 2004இல் வெளியான முடிவின்படி, 28 நாட்களில் ஆல்புமின் பெற்றவர்களில் 726 பேரும் உப்புக் கரைசல் பெற்றவர்களில் 729 பேரும் இறந்திருந்தனர். ஆல்புமின் உயிரைப் பறிக்கவும் இல்லை, கூடுதலாகக் காக்கவும் இல்லை. இரு திரவங்களின் தேவையும் மூன்று மடங்கு வேறுபடவில்லை. 1 லிட்டர் ஆல்புமினுக்கு ஏறத்தாழ 1.4 லிட்டர் உப்புக் கரைசலே போதுமானதாயிருந்தது.

எனினும் மூளைக்காயம் அடைந்தவர்களிடம் நிலைமை வேறு. இந்தத் துணைக்குழுவைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியிட்ட அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் இறந்தோர் ஆல்புமின் தரப்பில் 33.2%, உப்புக் கரைசல் தரப்பில் 20.4%. அதன்பின் மூளைக்காயத்தில் ஆல்புமின் தவிர்க்கப்படுகிறது.

ஸ்டார்ச் ஆய்வுகள்

மக்காச்சோளம் அல்லது உருளைக்கிழங்கின் மாவுப்பொருளை வேதிமுறையில் மாற்றித் தயாரிக்கப்படும் ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச், ஆல்புமினைவிட மலிவானது. அறுவை அரங்குகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் அது பரவலாகப் பயன்பட்டது. 2008இல் வெளியான ஜெர்மனியின் விசெப் ஆய்வு, செப்சிஸ் நோயாளிகளின் சிறுநீரகத்தைப் பழைய வகை ஸ்டார்ச் பாதிப்பதைக் காட்டியது. புதிய வகை பாதுகாப்பானது என்ற வாதம் அதன் பின்னரும் நீடித்தது.

2012இல் வந்த இரண்டு ஆய்வுகள் அவ்வாதத்தைத் தகர்த்தன. டென்மார்க், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் நடந்த 6எஸ் ஆய்வில், கடும் செப்சிஸ் கொண்டவர்களில் 90 நாட்களுக்குள் ஸ்டார்ச் தரப்பில் 51% பேரும் ரிங்கர் அசிடேட் தரப்பில் 43% பேரும் இறந்தனர். டயாலிசிஸ் வகைச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் முறையே 22%, 16%. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 7,000 பேரைச் சேர்த்து நடந்த செஸ்ட் ஆய்வில் இறப்பு வீதம் குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை. ஆனால் டயாலிசிஸ் வகைச் சிகிச்சை ஸ்டார்ச் தரப்பில் 7.0%, உப்புக் கரைசல் தரப்பில் 5.8% பேருக்குத் தேவைப்பட்டது.

போல்ட் விவகாரம்

ஸ்டார்ச்சுக்கு ஆதரவான கட்டுரைகளில் கணிசமானவை ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபென் நகர மயக்கவியலாளர் யோவாகிம் போல்ட் எழுதியவை. 2009இல் ‘அனஸ்தீஷியா அண்ட் அனல்ஜீசியா’ இதழில் வந்த அவருடைய இதய அறுவைக் கட்டுரையின் எண்கள் நம்பமுடியாத அளவு சீராக இருப்பதாக வாசகர்கள் சுட்டிக்காட்டினர். விசாரணையில் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்படவில்லை என்றும், ஆய்வு நடந்ததற்கே சான்று இல்லை என்றும் தெரிந்தது. 2010இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு மயக்கவியல், தீவிர சிகிச்சை இதழ்களின் ஆசிரியர்கள் கூடி, அவருடைய மேலும் எண்பதுக்கும் அதிகமான கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தனர். பிற்காலத்தில் அந்த எண்ணிக்கை 180ஐத் தாண்டியது.

இதன் விளைவு அவருடைய கட்டுரைகளோடு நிற்கவில்லை. 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது ஸ்டார்ச்சின் தீங்கு உறுதியாகத் தென்படவில்லை. போல்ட்டின் ஏழு ஆய்வுகளை நீக்கியதும் இறப்பு வீதம் கூடுவது புலப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஸ்டார்ச்சுக்குக் கட்டுப்பாடு விதித்தன. கட்டுப்பாடுகளை மீறிய பயன்பாடு தொடர்ந்ததால், 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் விற்பனை உரிமத்தை நிறுத்திவைத்தது.

உப்புக் கரைசலா, சமநிலைக் கரைசலா?

0.9% உப்புக் கரைசலில் லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு உண்டு. ரத்த நீரில் அது சுமார் 100 மட்டுமே. அதிகக் குளோரைடு ரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டுவதுடன், சிறுநீரகத்துக்கான ரத்த ஓட்டத்தையும் குறைக்கும் என்ற ஐயம் எழுந்தது. ரத்த நீரின் உப்புச் சேர்க்கையை ஒட்டித் தயாரிக்கப்படும் ரிங்கர் லாக்டேட், பிளாஸ்மாலைட் போன்றவை சமநிலைக் கரைசல்கள் எனப்படுகின்றன.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 15,802 பேரிடம் நடந்த ஸ்மார்ட் ஆய்வில் (2018), இறப்பு, புதிய டயாலிசிஸ், நீடித்த சிறுநீரகக் குறைபாடு மூன்றையும் சேர்த்த அளவீடு சமநிலைக் கரைசல் தரப்பில் 14.3%, உப்புக் கரைசல் தரப்பில் 15.4%. பிரேசிலின் பேசிக்ஸ் (2021), ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் பிளஸ் (2022) ஆகிய ஆய்வுகள் இறப்பில் தெளிவான வேறுபாட்டைக் காணவில்லை. பேசிக்ஸ் ஆய்வில் மூளைக்காயமுற்றோர் சமநிலைக் கரைசல் தரப்பில் அதிகம் இறந்தனர். எனவே அத்தகையோருக்கு உப்புக் கரைசலே இன்றும் விரும்பப்படுகிறது.

எவ்வளவு ஏற்றுவது?

2001இல் டெட்ராய்ட் நகரில் இமானுவேல் ரிவர்ஸ் 263 செப்சிஸ் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், முதல் ஆறு மணி நேரத்தில் இலக்கு வைத்துத் திரவமும் மருந்தும் கொடுத்ததால் மருத்துவமனை இறப்பு 46.5%இலிருந்து 30.5%ஆகக் குறைந்தது. இம்முறை உலகெங்கும் பின்பற்றப்பட்டது. 2014, 2015இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய நாடுகளிலிருந்து வந்த மூன்று பெரிய ஆய்வுகள், வழக்கமான நல்ல கவனிப்பைவிட இது உயிர் காப்பதில் மேம்பட்டதல்ல என்று காட்டின.

மருத்துவ உலகை மிகவும் அதிரவைத்தது ஃபீஸ்ட் ஆய்வு (2011). உகாண்டா, கென்யா, டான்சானியா ஆகிய நாடுகளில், கடும் காய்ச்சலுடன் ரத்த ஓட்டம் குன்றிய 3,141 குழந்தைகளிடம் அது நடந்தது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்தில் சுமார் 10.5% பேர் இறந்தனர். அவ்வாறு ஏற்றப்படாதவர்களில் இறந்தோர் 7.3%. இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மலேரியா இருந்தது, பலருக்குக் கடும் ரத்தசோகை. செயற்கைச் சுவாச வசதியும் அங்கு இல்லை. ஆகவே இம்முடிவை வசதி மிகுந்த மருத்துவமனைகளுக்கு அப்படியே பொருத்த இயலாது.

மறுபுறம், திரவத்தை மிகவும் குறைப்பதும் சிக்கலே. பெரிய வயிற்று அறுவை நடந்த சுமார் 3,000 பேரிடம் ரிலீஃப் ஆய்வு (2018) நடந்தது. அதில் கட்டுப்படுத்தித் திரவம் கொடுத்த தரப்பில் 8.6% பேருக்கும், தாராளமாகக் கொடுத்த தரப்பில் 5.0% பேருக்கும் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது. செப்சிஸ் அதிர்ச்சியில் திரவத்தைக் குறைத்துப் பார்த்த கிளாசிக் ஆய்வில் (2022) 90 நாள் இறப்பு இரு தரப்பிலும் ஏறத்தாழ 42%.

ஆய்வு முறைகள்

ஒரு திரவத்துக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் என்ற அளவிலேயே இருக்கும். எனவே சில நூறு பேரைக் கொண்ட ஆய்வுகள் எளிதில் வழிதவறும். இதனால் பல மருத்துவமனைகள் இணைந்து இயங்கும் ஆய்வுக் குழுமங்கள் உருவாயின. ஸ்மார்ட் ஆய்வு ஒரு மாதம் ஒரு திரவம், மறுமாதம் மற்றொன்று என்று பிரிவு முழுவதற்கும் மாற்றிக் கொடுத்தது. மயங்கிக் கிடப்பவரிடம் ஒப்புதல் பெற முடியாது என்பதால், நெறிமுறைக் குழுவின் அனுமதியுடன் சிகிச்சையைத் தொடங்கி, நினைவு திரும்பியபின் நோயாளியிடமோ அவருடைய குடும்பத்தாரிடமோ ஒப்புதல் கேட்கும் முறையும் சில நாடுகளில் ஏற்கப்பட்டுள்ளது.

நடைமுறை

2021ஆம் ஆண்டின் பன்னாட்டு செப்சிஸ் வழிகாட்டுதல் ஸ்டார்ச்சை உறுதியாக விலக்குகிறது. உப்புக் கரைசலைவிடச் சமநிலைக் கரைசலை மென்மையாகப் பரிந்துரைக்கிறது. அதிக அளவு கிரிஸ்டலாய்டு பெற்றவர்களுக்கு ஆல்புமினைப் பரிசீலிக்கலாம் என்கிறது. முதல் மூன்று மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 30 மில்லிலிட்டர் என்ற அளவு இன்னும் இடம்பெற்றாலும், அது வலுவான பரிந்துரையிலிருந்து வலுக்குறைந்த பரிந்துரையாக மாற்றப்பட்டுள்ளது. முதல் மீட்புக்குப் பின் கால்களைத் தூக்கிப் பார்த்தல், எக்கோ ஆகியவற்றின் மூலம் திரவத்துக்கு இதயம் எப்படி ஈடுகொடுக்கிறது என்று சோதித்தே மேற்கொண்டு ஏற்றுவது இன்றைய வழக்கம்.