மண்வெட்டி ஏந்திய மாணவர்

கோயிற் கொடியேற்றத்துக்கு முந்திய வாரத்திலும், பாடசாலையிற் புதிய தவணை தொடங்குவதற்கு முன்னரும் நம்மூர்களில் தவறாது காதில் விழும் சொல் ஒன்று உண்டு. "நாளைக்குச் சிரமதானம்" என்பதே அது. வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோ கத்தியோ விளக்குமாறோ எடுத்துக்கொண்டு வருவர். புல்லைச் செருக்குவர், குப்பையைக் கூட்டி எரிப்பர், பத்து மணிக்குத் தேநீரும் பணிசும் வரும், உச்சிப் பொழுதுக்குள் வேலை முடியும். நாவிதன்வெளியிலும் அண்ணாமலையிலும் வேப்பையடியிலும், வாவிக்கு அப்பால் கல்முனையிலும், தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றுபோல வழங்கும் இச்சொல் நம்மிடையே நிலைபெற்ற வரலாறு யாது? அதன் பின்னே எத்தகைய மாணவர் உழைப்பு மறைந்து கிடக்கின்றது? இதனைச் சிறிது ஆராய்வது நம் மன்றத்து இளைஞர்க்குப் பயன் தருமென நம்புகின்றோம்.

சிரமம் என்னும் சொல்லுக்குத் தமிழ் வழக்கில் துன்பம், தொல்லை என்னும் பொருளே மேலோங்கி நிற்கின்றது. வடமொழியிலோ உழைப்பு என்னும் பொருளும் அதற்கு உண்டு. ஆகவே, உழைப்பையே தானமாக ஈவது சிரமதானம். பொன்னும் பொருளும் இல்லாதவனும் கொடுக்கக் கூடிய கொடை இது. 1951ஆம் ஆண்டில் வினோபா பாவே அவர்கள் தெலுங்கானாவிலுள்ள போச்சம்பள்ளியிற் பூதான இயக்கத்தைத் தொடங்கியதன் பின்னர் இந்தியாவில் நிலதானம், உழைப்புத் தானம் ஆகிய சொற்கள் பெருவழக்குப் பெற்றன. இலங்கையில் அதனை மாணவர் கையில் ஒப்படைத்த நிகழ்ச்சியைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன், நம் வாசலில் விளங்கிய விளக்கொன்றைப் பார்த்துச் செல்வது முறையாகும்.

திருவேட்களத்துத் தொண்டு

1892ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் காரைதீவிலே மயில்வாகனம் என்னும் பெயரோடு பிறந்தவர் விபுலாநந்த அடிகள். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்று, விஞ்ஞானத்தில் இலண்டன் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் பெற்றவர். பெரும் பதவிகள் வாயிலில் நின்றிருக்க, 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டார். 1929இல் கல்லடி உப்போடையிற் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவியதையும், 1947இல் யாழ் நூல் அரங்கேறியதையும் நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்திலே படிக்கின்றனர். ஆனால், இங்கு நாம் நினைவுகூர விழைவது வேறொன்று.

1931ஆம் ஆண்டில் அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். பல்கலைக்கழகத்தை அடுத்துள்ளது திருவேட்களம். அங்குள்ள சேரியில் எழுத்தறியாத ஏழை மக்கள் வாழ்ந்தனர். பகலெல்லாம் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்த பேராசிரியர், மாலையிற் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தார். சாதிக் கட்டுப்பாடு இறுகிக் கிடந்த அக்காலத்தில் துறவி ஒருவர் சேரியிலே சென்றமர்ந்து பாடஞ் சொல்வது எளிய செயலன்று. கற்றவன் கல்லாதாரிடம் தானே நடந்து செல்ல வேண்டும். அவர்கள் தன்னைத் தேடி வரும்வரை காத்திருத்தல் கூடாது என்பதை அவர் சொல்லாமற் செய்து காட்டினார்.

கனத்தொளுவைக் கிராமத்தில்

கால் நூற்றாண்டு சென்றது. 1958ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கொழும்பு நாளந்தாக் கல்லூரியில் ஏ. ரி. ஆரியரத்தின என்னும் இளம் ஆசிரியர் ஒருவர் இருந்தார். காலி மாவட்டத்து உனவட்டுனவிற் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது இருபத்தேழு. நகரத்துப் பிள்ளைகள் புத்தகத்தை அறிந்தனரேயன்றி நாட்டை அறிந்திலர் என்னும் கவலை அவர் உள்ளத்தை வருத்தியது. விடுமுறை வந்ததும் நாற்பது மாணவரையும் பன்னிரண்டு ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு குருணாகல் மாவட்டத்திலுள்ள கனத்தொளுவை என்னும் சிற்றூருக்குச் சென்றார்.

அவர் தெரிந்தெடுத்த ஊரைக் கவனிக்க வேண்டும். அது ரொடியர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் ஊர். கண்டியரசர் காலந்தொட்டுப் பிறர் வாசலில் இரந்துண்ணுமாறு விதிக்கப்பட்டவர்கள் அவர்கள். பிறர் அவர்களோடு சமமாக அமர்வதும் உண்பதும் இல்லை. அத்தகைய ஊரிலே கல்லூரி மாணவர் சென்று தங்கினர், அம்மக்களோடு உண்டனர், கிணறும் மலகூடமும் வெட்டினர், வீட்டுத் தோட்டம் அமைத்தனர். ஆண்டாண்டு காலமாகப் பிச்சையிட்ட கைகள், அன்று மண்வெட்டியின் மறுபுறத்தைப் பிடித்தன. வெட்டிய கிணற்றினும் பெரிய வேலை இதுவேயாகும்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. அதே 1958ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் நாடெங்கும் இனக்கலவரம் மூண்டு தமிழ் மக்கள் உயிரும் உடைமையும் இழந்தனர். மனிதன் மனிதனைத் துரத்திய அவ்வாண்டின் முடிவில், ஒதுக்கப்பட்டோரை நாடி மாணவர் சிலர் நடந்தனர் என்பது வரலாற்றில் எழுதி வைக்க வேண்டிய செய்தியன்றோ?

வேலையின் முறை

இம்முயற்சி சில ஆண்டுகளில் வேறு பல பாடசாலைகளுக்கும் பரவிற்று. காந்தியடிகள், ரஸ்கின் எழுதிய நூலொன்றைத் தழுவி 1908இல் குஜராத்தி மொழியில் எழுதியபோது அதற்கு இட்ட பெயர் சர்வோதயம். அப்பெயரையே ஆரியரத்தின அவர்களின் இயக்கமும் பூண்டது. 1967இல் நூறு கிராமங்களை மேம்படுத்தும் திட்டம் தொடங்கியது. 1969இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. 1972இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் சர்வோதய சிரமதான சங்கம் கூட்டிணைக்கப்பட்டது. அதனை வளர்த்த பெரியார் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மறைந்தார்.

இது பரவியதற்குக் காரணம் அதன் முறையே. தானம், இனிய சொல், பிறர்க்குப் பயன்படும் செயல், சமத்துவம் என்னும் பௌத்த சமயத்தின் நான்கு நெறிகளை முகாமின் ஒழுங்காகக் கொண்டனர். இனிய சொல் என்பது வெறும் உபதேசமாக நிற்கவில்லை. முகாமுக்கு வந்தவர் எவராயினும், முதியோரை அம்மா, அப்பா என்றும், ஏனையோரை அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்றும் முறை வைத்தே அழைக்க வேண்டும். நாள்தோறும் ஊரவரும் மாணவரும் ஒரே குடும்பமாகக் கூடி அமர்வர். சமய வணக்கம், பாட்டு, அன்றைய வேலைப் பங்கீடு, குறை நிறை யாவும் அக்கூட்டத்திலே நிகழும். சிறுபிள்ளையும் அங்கே எழுந்து பேசலாம். நாம் வீதியை ஆக்க, வீதி நம்மை ஆக்கும் என்பது அவ்வியக்கத்தாரின் முழக்கம். வீதி மழையில் அரிக்கப்படலாம். அவ்வீதியை வெட்டிய மாணவன் பெற்ற பழக்கம் எளிதில் அரிக்கப்படுவதன்று.

உலகின் பிற இடங்களிலும் இத்தகைய விதைகள் ஊன்றப்பட்டன. முதலாம் உலகப் போர் முடிந்தபின், சுவிற்சர்லாந்துக்காரரான பியர் செரசோல் என்பார் 1920இல் பிரான்சின் வெர்டன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் சிற்றூரை மீளக் கட்டச் சென்றார். நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரையும் உடன் சேர்த்துக்கொண்டார். அம்முகாம் சில மாதங்களே நிலைத்தது. எனினும் அவர் தளர்ந்திலர். 1934 ஜனவரியிற் பீகாரைப் பூகம்பம் அழித்தபோது இந்தியாவுக்கு வந்து வீடிழந்த மக்களோடு சேர்ந்து உழைத்தார். இந்தியாவிலோ, காந்தி நூற்றாண்டு நடந்த 1969ஆம் ஆண்டிலே, முப்பத்தேழு பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டுவது

வரலாறு இவ்வாறிருக்க, நம்மிடம் எஞ்சியது என்ன? சிரமதானம் என்னும் சொல் இன்று புல் செருக்குதல் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு நாள் கூடுகின்றோம், படம் எடுக்கின்றோம், கலைகின்றோம். ஆரவாரத்தோடு நட்ட மரக்கன்று அடுத்த மாதத்தில் ஆடு தின்றும் நீரின்றியும் மடிந்து கிடப்பதை நாம் காணாதவரல்லர். நட்டவர் பலர், நீரூற்றுவார் ஒருவரும் இலர்! இக்குறையை மாணவர் தலையிற் சுமத்துதல் நியாயமாகாது. திட்டமிட்டு வழிநடத்த வேண்டிய நம் போன்ற மன்றத்தாருக்கே அதில் பெரும் பங்கு உண்டு.

ஆகையால் மூன்று கருத்துக்களை மன்றத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, வேலைக்கு முன் விசாரணை. எந்த ஊரில் எது தேவை என்பதை அவ்வூராரிடமே கேட்டறிய வேண்டும். கிணறு இறைக்க வேண்டிய இடத்தில் வளைவு கட்டுவது தொண்டாகாது. மாணவர் இருவர் இருவராக வீடுதோறும் சென்று வினவி எழுதி வருவதே நல்லதொரு பாடமாகும்.

இரண்டாவது, கூடி உழைத்தல். ஊரார் திண்ணையிலிருந்து பார்க்க மாணவர் மட்டும் வியர்ப்பதும் தவறு. ஒரு பாடசாலை தனித்து நின்று பெயர் எடுக்க முயல்வதும் தவறு. நம் பகுதியில் தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் கூப்பிடு தூரத்தில் உள்ளன. 1957 டிசம்பரில் வந்த பெருவெள்ளமும், 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் சமயம் கேட்டு வந்தனவா? மாரி மிகுந்து கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மேவியபோது இருசாராரும் ஒரே கரையில் நின்றே காத்திருந்தோம். வெள்ளத்தின் பின் கிணறு இறைப்பதையும், நுளம்பு பெருகும் இடங்களைத் துப்புரவு செய்வதையும் இருசார் மாணவரும் ஒன்றாகச் செய்தாற் பல சொற்பொழிவுகள் ஆற்ற முடியாததை அது ஆற்றும்.

மூன்றாவது, திரும்பிச் செல்லுதல். ஒரு பணி செய்த இடத்துக்கு மூன்று மாதத்தின் பின் அதே மாணவர் மீண்டும் போக வேண்டும். செய்தது நின்றதா, அழிந்ததா, ஏன் அழிந்தது என்று தம் கண்ணாற் கண்டு எழுத வேண்டும். வாசிக்கத் தடுமாறும் சிறுவனுக்கு மூத்த மாணவன் ஒருவன் வாரம் ஒரு மாலை ஒதுக்குவதும் இவ்வகைத் தொண்டே. அதற்கு மண்வெட்டி வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே வேண்டும்.

1945ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி வழங்கப்படுகின்றது. இலவசம் என்கின்றோம், ஆயின் அதற்கு விலை கொடுப்பவர் இல்லையா? சேற்றில் நின்று நாற்று நடுபவரும், கடலில் வலை இழுப்பவரும், கடைகடையாகச் சுமை தூக்குபவரும் தாம் வாங்கும் ஒவ்வொரு பொருளின் மீதும் செலுத்தும் வரியே நம் பிள்ளைகளின் புத்தகமாகி வருகின்றது. அவர்களுக்கு மாணவன் ஒருவன் ஆண்டுக்குச் சில நாள் உழைப்பைத் திருப்பிக் கொடுப்பது தருமமன்று, கடன் தீர்த்தலேயாகும்.

நமது ஊரின் பெயரே ஒரு தொழிலாளியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நாவிதன் பெயரையும் நெல் விளையும் வெளியையும் இணைத்துக் கொண்ட இம்மண்ணிற் பிறந்தவர்க்கு, எந்த வேலையும் இழிவன்று என்று வேறொருவர் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. காரைதீவிலிருந்து புறப்பட்டவர் திருவேட்களத்துச் சேரிவரை நடந்தார். கொழும்பு மாணவர் கனத்தொளுவைவரை நடந்தனர். நாம் நடக்க வேண்டிய தூரமோ மிகச் சிறிது. அடுத்த தெருவரை நடந்தாற் போதும். ஆனால், மறுமுறையும் நடக்க வேண்டும்.